கருவறை வரை வந்த அந்நியர்: எகிப்தியக் கோயில்களும் அவற்றைக் காண வந்தவர்களும்

எகிப்தின் தென்பகுதியில், நைல் ஆற்றின் மேற்குக் கரையில், எட்ஃபு என்றொரு ஊர். அங்கே ஹோரஸ் கடவுளின் கோயில் கூரையோடு முழுதாக நிற்கிறது. கி.மு. 237இல் தொடங்கிய திருப்பணி கி.மு. 57இல்தான் முடிந்தது. முகப்பில் 36 மீட்டர் உயரத்தில் இரட்டைக் கோபுர மதில். அதைக் கடந்தால் வெயில் கொட்டும் திறந்த முற்றம். அடுத்து ஒரு தூண் மண்டபம். கண் கூசியது நின்று, தூண்களின் மேற்பகுதி நிழலில் மறைகிறது. அதற்கும் உள்ளே இன்னொரு தூண் மண்டபம், பிறகு காணிக்கை அறை, பிறகு முன்னறை. ஒவ்வொரு வாசலைத் தாண்டும்போதும் தரை சற்றே ஏறுகிறது, கூரை சற்றே இறங்குகிறது, வெளிச்சம் குறைந்துகொண்டே போகிறது. கடைசியில் கருவறை. பளபளப்பாக இழைத்த ஒரே கருங்கல்லில் குடைந்த, நான்கு மீட்டர் உயர மாடம் ஒன்று அங்கே இருக்கிறது. அது கோயிலைவிடப் பழையது. எகிப்தியரே எகிப்தை ஆண்ட கடைசிக் காலத்து அரசன் இரண்டாம் நெக்டனெபோவின் பெயர் அதில் இருக்கிறது. கடவுளின் படிமம் அதற்குள்தான் இருந்தது.

இன்று வாசலில் சீட்டு வாங்கிய எவரும் பத்து நிமிடத்தில் அந்த மாடத்தின் முன் வந்து நின்றுவிடலாம். கோயில் உயிரோடிருந்த காலத்தில் அது நடக்காது. கருவறைக் கதவின் முத்திரையை உடைத்துத் திறக்கும் உரிமை அரசனுக்கு உண்டு. நடைமுறையில் அவன் சார்பில் தலைமைப் பூசகருக்கு. பூசகர்கள் பகலில் இருமுறையும் இரவில் இருமுறையும் குளித்தார்கள், உடல் முழுவதும் மழித்துக்கொண்டார்கள் என்று ஹெரொடோட்டஸ் எழுதிவைத்திருக்கிறார். சாதாரண மக்கள் திருநாட்களில் வெளிமுற்றம் வரை வரலாம். சில கோயில்களின் தூண்களிலும் சுவர்களிலும், கைகளைத் தூக்கி வணங்கும் ஆள்காட்டிக் குருவி செதுக்கப்பட்டிருக்கிறது. எகிப்திய எழுத்தில் அந்தக் குருவி பொதுமக்களைக் குறிக்கும். மக்கள் நிற்கவேண்டிய இடத்தை அது காட்டுகிறது என்று ஆய்வாளர் பலர் கருதுகிறார்கள். உள்ளே போக முடியாதவர்களின் குறைகளுக்கும் வழி இருந்தது. கர்னக்கில் ஆமுன் கோயிலின் பின்புறம், கிழக்குப் பக்கத்தில், வேண்டுதலைக் காதுகொடுத்துக் கேட்கும் ஆமுனுக்கென்று ஒரு தனி வழிபாட்டிடம் கட்டினார்கள். கடவுளை நேரில் பார்க்க ஆசைப்பட்டவர்கள் ஒப்பெட் திருவிழாவுக்குக் காத்திருந்தார்கள். அப்போது ஆமுன் கர்னக்கிலிருந்து லக்சர் கோயிலுக்குப் படகில் ஏறிப் புறப்படுவார். அந்தப் படகைப் பூசகர்கள் தோளில் சுமந்து வருவார்கள். அப்போதும் படகின் நடுவே திரையிட்ட மாடத்தைத்தான் மக்கள் கண்டார்கள்.

கல்லறைகளின் கதை இன்னும் கண்டிப்பானது. அரசர் பள்ளத்தாக்கின் கல்லறைச் சுவர்களில் இருக்கும் ஓவியங்கள் எவர் ரசிப்பதற்காகவும் தீட்டப்பட்டவை அல்ல. இறந்த அரசன் இரவின் பன்னிரண்டு மணி நேரத்தைக் கடந்து சூரியனோடு மறுபடி எழுவதற்கான வழிகாட்டி அவை. வேலை முடிந்ததும் வாசலை அடைத்து முத்திரையிட்டார்கள். கோயிலில் நாம் முற்றத்தோடு நிற்க வேண்டியவர்கள். கல்லறைக்கு வரவே கூடாதவர்கள். எகிப்தின் பழங்கட்டடங்களைக் காணப் போவது பற்றிய எந்தப் பேச்சும் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும் என்று நினைக்கிறேன். அழைப்பில்லாமல் உள்ளே வந்தவர்கள் நாம். வந்தவர்கள் எதை எடுத்துப் போனார்கள், எதை விட்டுப் போனார்கள், எதைக் காப்பாற்றினார்கள் என்பது மூவாயிரம் ஆண்டுக்கும் மேற்பட்ட வரலாறு.

அந்த வரலாற்றைத் தொடங்கிவைத்தவர்கள் எகிப்தியரேதான். சக்காராவில் உள்ள ஜோசர் அரசனின் படிக்கட்டுப் பிரமிடு வளாகத்தில், பழங்காலப் பார்வையாளர்கள் மையால் எழுதிய குறிப்புகள் இன்னும் இருக்கின்றன. இரண்டாம் ராம்சேஸின் 47ஆம் ஆட்சியாண்டில், கருவூல எழுத்தர் ஹத்நக்தே, தன் சகோதரன் பனக்தியுடன் மெம்பிஸ் நகரின் மேற்கே உலாவி மகிழ வந்ததாக எழுதியிருக்கிறார். நல்ல ஆயுளும் நல்ல அடக்கமும் தரும்படி அங்குள்ள தெய்வங்களை வேண்டிக்கொண்டிருக்கிறார். அவர் வந்தபோது அந்தப் பிரமிடுக்கு ஏறத்தாழ 1,400 வயது. அதே வளாகத்தில் இன்னொரு எழுத்தர், தனக்கு முன்னால் வந்தவர்களின் கோணல் எழுத்தையும் பிழைகளையும் பார்த்து மனம் நொந்து கண்டித்திருக்கிறார். சுவரில் எழுதுவது தவறென்று அவருக்குத் தோன்றவில்லை. மோசமாக எழுதுவதுதான் தவறு. அன்று பெயரெழுதுவது வழிபாட்டின் ஒரு பகுதி. கல்லில் பெயர் இருக்கும்வரை ஆளும் இருக்கிறார் என்ற நம்பிக்கை.

ராம்சேஸின் மகன் காயெம்வாசெட் இன்னொரு வகை. மெம்பிஸில் தா கடவுளின் தலைமைப் பூசகராக இருந்த அவர், சிதைந்துகொண்டிருந்த பழைய பிரமிடுகளைத் தேடிப் போய், அவை யாருடையவை என்று உறுதிசெய்து, உரியவரின் பெயரைக் கல்லில் பொறித்துவைத்தார். உனாஸ் அரசனின் பிரமிடுடைய தென்முகத்தில் அவர் பொறித்த எழுத்தை இன்றும் பார்க்கலாம். பார்க்க வந்தவர் பராமரிப்பவராக மாறியதற்கு எனக்குத் தெரிந்த மிகப் பழைய சான்று இது.

பிறகு கிரேக்கரும் உரோமரும் வந்தார்கள். லக்சருக்கு எதிர்க்கரையில் மூன்றாம் அமென்ஹோட்டெப்பின் கோயில் முன் அமர்ந்திருக்கும், ஏறத்தாழ 18 மீட்டர் உயரமுள்ள இரண்டு கற்சிலைகள்தான் அவர்களுக்குப் பெரிய ஈர்ப்பு. கி.மு. முதல் நூற்றாண்டின் இறுதியில் வந்த நிலநடுக்கத்தில் வடபுறச் சிலை பிளந்தது. அதன்பின் விடியற்காலையில் அதிலிருந்து ஓர் ஒலி எழுந்தது. யாழ் நரம்பு அறுவது போல இருந்தது என்று பாசனியாஸ் குறித்திருக்கிறார். டிராயில் இறந்த வீரன் மெம்னோன் தன் தாயான விடியலை அழைக்கிறான் என்று கிரேக்கர் நம்பினார்கள். புவியியல் அறிஞர் ஸ்ட்ராபோ ஒலியைக் கேட்டார். அது கல்லிலிருந்து வந்ததா, சுற்றி நின்றவர்களிடமிருந்து வந்ததா என்று தெரியவில்லை என்று நேர்மையாக எழுதினார். கி.பி. 130இல் பேரரசர் ஹேட்ரியன் தன் மனைவி சபீனாவுடன் வந்தார். உடன் வந்த கவிஞர் ஜூலியா பல்பில்லாவின் நான்கு கவிதைகள் சிலையின் காலில் வெட்டப்பட்டிருக்கின்றன. இப்படி அந்தச் சிலையில் நூற்றுக்கு மேற்பட்ட கிரேக்க, இலத்தீன் எழுத்துகள். உரோமர் காலத்தில் பிளவைச் செப்பனிட்ட பிறகு ஒலி நின்றுபோனது என்பார்கள்.

அரசர் பள்ளத்தாக்கின் திறந்த கல்லறைகளில் கிரேக்க, இலத்தீன் கீறல்கள் மட்டுமே இரண்டாயிரத்துக்கு மேல். ஏறத்தாழ பாதி ஆறாம் ராம்சேஸின் கல்லறையில் இருக்கின்றன. கண்டேன், வியந்தேன் என்பதுதான் பெரும்பாலும் செய்தி. சுவர் முழுக்க இருக்கும் சித்திர எழுத்தைத் தன்னால் படிக்க முடியவில்லை என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அந்த ஏக்கம் எனக்கு மிகவும் நெருக்கமானது.

அந்தச் சுவர்களில் நம் எழுத்தும் இருக்கிறது. பள்ளத்தாக்கின் கல்லறைகளில் தமிழ் பிராமியிலும் வேறு இந்திய மொழிகளிலும் பொறிக்கப்பட்ட பெயர்களை ஐரோப்பிய ஆய்வாளர்கள் அண்மையில் அடையாளம் கண்டு அறிவித்தார்கள். சிகை கொற்றன் என்ற பெயர் ஒன்றுக்கு மேற்பட்ட கல்லறைகளில் திரும்பத் திரும்ப வருகிறது. செங்கடல் துறைமுகங்களில் தமிழ் வணிகர் நடமாடியதற்குச் சான்று முன்பே உண்டு. பழைய குசெயிரில் சாத்தன், கண்ணன் ஆகிய பெயர்களைத் தாங்கிய பானை ஓடுகள் கிடைத்தன. பெரனிகே துறைமுகத்தின் செராபிஸ் கோயில் வளாகத்தில், இந்தியச் சேமிப்புப் பானை ஒன்றில் 7.5 கிலோவுக்கும் மேல் மிளகு அப்படியே இருந்தது. ஆனால் துறைமுகத்தில் கிடைக்கும் ஓடு வணிகத்தைச் சொல்கிறது. கடற்கரையிலிருந்து பாலைவனம் தாண்டி, நைலைக் கடந்து, வறண்ட மலைக்குள் இறங்கி எழுதிய பெயர் வேறொன்றைச் சொல்கிறது. சரக்கு இறக்கியதும் திரும்பிப் போயிருக்க வேண்டிய ஒருவர், வேலைக்குத் தேவையில்லாத ஒன்றைப் பார்க்க நடந்திருக்கிறார். பார்த்த கையோடு பெயரையும் பொறித்துவிட்டார். அதைப் படித்து நாம் மகிழ்கிறோம். 2013இல் லக்சர் கோயிலின் புடைப்புச் சிற்பத்தில் தன் பெயரைக் கீறிய சீனச் சிறுவனை உலகமே திட்டியது. பெற்றோர் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார்கள். இரண்டுக்கும் நடுவில் வித்தியாசம் உண்டா? உண்டு என்பதே என் கருத்து. கொற்றன் போனபோது அந்தச் சுவரைக் காணப் போனவர்கள் சில நூறு பேர், அல்லது சில ஆயிரம் பேர். இன்று லட்சக்கணக்கானவர்கள்.

கோயில்கள் மூடப்பட்ட கதை சுருக்கமானது. கடைசிச் சித்திர எழுத்துக் கல்வெட்டு ஃபிலே தீவில், கி.பி. 394 ஆகஸ்ட் 24 அன்று வெட்டப்பட்டது. ஆறாம் நூற்றாண்டில் ஜஸ்டினியன் காலத்தில் அந்தக் கோயிலும் மூடப்பட்டது. பல கோயில்களுக்குள் கிறித்தவத் தேவாலயங்கள் வந்தன, முகங்கள் கொத்தப்பட்டன. பிறகு மண் மூடியது, மண்ணின் மேல் ஊர் வந்தது. லக்சர் கோயிலின் முற்றத்தில் அபு ஹஜ்ஜாஜ் மசூதி இன்றும் தொழுகையோடு இருக்கிறது. அதன் பழைய வாசல் இன்றைய தரையிலிருந்து பல மீட்டர் உயரத்தில் அந்தரத்தில் தெரியும். மண்மேடு எவ்வளவு உயரம் இருந்தது என்பதற்கு அந்த வாசலே அளவுகோல்.

இடைக்காலத்தில் எவரும் இவற்றை மதிக்கவில்லை, ஐரோப்பியர் வந்துதான் கண்திறந்தார்கள் என்று எழுதுவது நெடுநாள் வழக்கம். அது உண்மையல்ல. பாக்தாதைச் சேர்ந்த மருத்துவர் அப்துல் லத்தீப் 1200ஐ ஒட்டிய ஆண்டுகளில் எகிப்தில் இருந்தார். ஸ்பிங்க்ஸ் முகத்தின் அங்கப் பொருத்தத்தை, அவ்வளவு பெரிய உருவிலும் கண், காது, மூக்கு அளவு தப்பாமல் செதுக்கிய திறனை வியந்து எழுதினார். புதையல் தேடி இவற்றை உடைப்பவர்களைக் கண்டித்தார். முற்கால அரசர்கள் இவற்றைக் காத்ததைப் பாராட்டினார். 1196இல் சுல்தான் அல் அஜீஸ் கீசாவின் மூன்றாம் பிரமிடை இடிக்க ஆள்வைத்ததையும் அவரே பதிவுசெய்திருக்கிறார். எட்டு மாதம் பாடுபட்டும் வடமுகத்தில் ஒரு வடுவை மட்டுமே உண்டாக்க முடிந்தது. மென்காவுரேயின் பிரமிடில் அந்த வடுவை இப்போதும் காணலாம்.

நெப்போலியனின் படை 1798இல் இறங்கியது முதல் நடந்தவை பலருக்கும் தெரிந்தவை. ஆனால் ஒரு முடிச்சை மட்டும் அவிழ்த்துப் பார்க்க வேண்டும். இந்தக் கட்டடங்களுக்குப் பெருந்தீங்கு செய்தவர்களில் பலர் இவற்றை உயிருக்கு உயிராக நேசித்தவர்கள். பதுவாவில் பிறந்த பெல்சோனி சர்க்கஸில் பளு தூக்கியவர். நீர் இறைக்கும் இயந்திரம் ஒன்றை விற்க எகிப்துக்கு வந்தவர். 1817 ஆகஸ்டில் அபு சிம்பெல் கோயிலின் வாசலை அடைத்திருந்த மணலை அகற்றி உள்ளே போனார். அதே ஆண்டு அக்டோபரில் முதலாம் சேத்தியின் கல்லறையைக் கண்டுபிடித்தார். சுவரின் அழகை இலண்டனுக்குக் காட்ட ஆசைப்பட்டு அச்சுப் பதிவுகள் எடுத்தார். ஈரம்பட்ட இடத்தில் வண்ணம் உரிந்து வந்தது. கல்லறையின் நடுவே வெள்ளத்தைத் தடுக்கவென்றே பழங்காலத்தார் தோண்டியிருந்த ஆழ்குழியை வழிக்காக நிரப்பினார். அடுத்து வந்த மழைவெள்ளம் நேராக உள்ளே பாய்ந்தது.

டெண்டெரா கோயிலின் கூரையிலிருந்த வட்ட ராசிச் சக்கரத்தை 1821இல் ஒரு பிரெஞ்சுக்காரர் ரம்பத்தாலும் வெடிமருந்தாலும் பெயர்த்து எடுத்தார். அது பாரீசில் இருக்கிறது. டெண்டெராவில் நகல் இருக்கிறது. சித்திர எழுத்தின் பூட்டை 1822இல் திறந்த ஷாம்போலியோன், சில ஆண்டுகள் கழித்து எகிப்துக்கே வந்தார். சேத்தியின் கல்லறையில் அரசனும் ஹாத்தோர் தேவியும் கைபிடித்து நிற்கும் காட்சியை அவர் அறுத்தெடுத்துப் போனார். அதன் இணையை உடன்வந்த ரோசெல்லினி எடுத்தார். ஒன்று லூவ்ர் அருங்காட்சியகத்தில், மற்றது ஃபுளோரன்சில். அதே ஷாம்போலியோன் பழஞ்சின்னங்களைக் காக்கும்படி எகிப்தின் ஆட்சியாளர் முகமது அலிக்கு விண்ணப்பமும் எழுதிக்கொடுத்தார். 1835இல் தொல்பொருட்களை நாட்டைவிட்டுக் கொண்டுபோகத் தடை வந்தது. கெய்ரோவில் ஒரு சேகரிப்பும் தொடங்கியது. அதில் மிஞ்சியதை இருபது ஆண்டுக்குள் எகிப்தின் ஆட்சியாளரே ஆஸ்திரிய இளவரசர் மாக்சிமிலியனுக்குப் பரிசாகக் கொடுத்துவிட்டார். சட்டம் எழுதுவதற்கும் மனம் மாறுவதற்கும் இடையில் எவ்வளவு தொலைவு என்று இந்த இருபது ஆண்டு சொல்கிறது.

நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பது 1874இன் தொடக்கத்தில் அபு சிம்பெலில் நடந்ததை. ஆங்கில எழுத்தாளர் அமீலியா எட்வர்ட்ஸ் படகில் அங்கே வந்திறங்கினார். அதற்கு ஐம்பது ஆண்டுக்கு முன்பு வேறொருவர் வடகோடிச் சிலையின் முகத்தில் சுண்ணச் சாந்தால் அச்செடுத்திருந்தார். வெள்ளைத் திட்டுகள் முகமெங்கும் அப்பிக்கிடந்தன. அமீலியா படகின் துடுப்புகளையும் கழிகளையும் கொண்டு சாரம் கட்டச் செய்தார். படகோட்டிகள் ஏறிச் சாந்தைச் சுரண்டினார்கள். சுரண்டிய பிறகும் வெள்ளை போகாத இடங்களில், கல்லின் நிறம் வருமளவு கெட்டியாகக் காய்ச்சிய காப்பியைத் துணியில் நனைத்துத் தடவினார்கள். சமையல்காரருக்குக் காப்பி காய்ச்சி மாளவில்லை. இன்றைய பராமரிப்பாளர் எவரும் இந்த முறையை ஏற்கமாட்டார். ஆனால் இன்னொரு பயணியின் தவற்றைத் துடைக்க ஒரு பயணி சில நாட்களைச் செலவிட்டார். ஊர் திரும்பியவர் 1882இல் எகிப்திய அகழாய்வு நிதியத்தைத் தொடங்கக் காரணமானார். அவருக்குச் சில ஆண்டு முன்பு, 1869இல், தாமஸ் குக் தன் முதல் நைல் பயணக் குழுவை அழைத்துவந்திருந்தார். கூட்டம் அப்போதிருந்து பெருகியது.

அபு சிம்பெல் இன்று இருக்கும் இடம் ராம்சேஸ் தேர்ந்த இடமல்ல. அஸ்வான் உயர் அணை எழுந்தால் நூபியப் பள்ளத்தாக்கே மூழ்கும் என்ற நிலையில், 1960 மார்ச்சில் யுனெஸ்கோ உலக நாடுகளிடம் உதவி கேட்டது. மலையைக் குடைந்து செய்த கோயிலை ரம்பத்தால் அறுத்து, சராசரி 20 டன் எடையுள்ள ஆயிரத்துக்கும் மேற்பட்ட துண்டுகளாக்கி, 65 மீட்டர் உயரத்திலும் 200 மீட்டர் பின்னாலும் மறுபடி சேர்த்தார்கள். 1964இல் தொடங்கிய வேலை 1968இல் முடிந்தது. பின்னால் மலைபோலத் தெரிவதற்குள் இருப்பது கான்கிரீட் குவிமாடம். ஆண்டுக்கு இருமுறை, பிப்ரவரி 22ஐயும் அக்டோபர் 22ஐயும் ஒட்டி, விடியற்கதிர் அறுபது மீட்டர் உள்ளே சென்று கருவறையில் அமர்ந்த நால்வரில் மூவரைத் தொடும். நான்காமவர் தா, நிழலுக்குரியவர். அவர் பெரும்பாலும் இருட்டிலேயே இருப்பார். அந்தக் கோணத்தையும் காத்து மாற்றிவைத்திருக்கிறார்கள்.

ஃபிலே கோயில் வேறுவிதமாகத் துன்பப்பட்டது. 1902இல் முடிந்த முதல் அஸ்வான் அணையால் அது ஆண்டில் பல மாதம் நீரில் நின்றது. பயணிகள் தூண்களுக்கிடையே படகில் போனார்கள். சுவர் வண்ணம் கரைந்துபோனது. 1970களில் தீவைச் சுற்றித் தடுப்பணை கட்டி நீரை இறைத்து, ஏறத்தாழ 40,000 கற்களாகப் பிரித்து, பக்கத்து அகில்கியா தீவில் கட்டினார்கள். 1980இல் திறந்தார்கள். கோயில் மாறியது, சுற்றிலும் நீர் மாறவில்லை. இன்றும் படகில்தான் போகவேண்டும்.

இந்த மீட்பின் பெருமையை எல்லாப் பயண நூல்களும் பேசுகின்றன. எகிப்தியப் பகுதியில் மட்டும் சுமார் 50,000 நூபியர்கள் ஆற்றங்கரை ஊர்களையும் பேரீச்சந்தோப்புகளையும் முன்னோர் புதைகுழிகளையும் விட்டு, 1963–64இல் கோம் ஓம்போ பக்கம் குடியேற்றப்பட்டதைப் பல நூல்கள் ஒரு வரியில் முடித்துவிடுகின்றன. கோயிலைக் கல் கல்லாக எண் போட்டு மறுபடி சேர்க்க உலகம் பணம் திரட்டியது. ஊரைச் சேர்க்க அப்படி யாரும் திரட்டவில்லை. அபு சிம்பெலுக்குப் போகிறவர்கள், வழியில் அஸ்வானில் இருக்கும் நூபிய அருங்காட்சியகத்துக்கு அரைநாள் ஒதுக்க வேண்டும் என்று வற்புறுத்துவேன். எந்த நிலத்தின் மேல் ஏரி கிடக்கிறது என்று அங்கேதான் புரியும்.

ஆற்றுக்குப் பிறகு இன்றைய பெருங்கேடு மூச்சு. நெஃபர்டாரி அரசியின் கல்லறை 1904இல் திறக்கப்பட்டது. சுவர்கள் தரமற்ற சுண்ணப்பாறையில் குடைந்தவை; அதனால் மேலே சாந்து பூசி ஓவியம் தீட்டினார்கள். பாறையிலும் சாந்திலும் உப்பு இருக்கிறது. ஈரம் பட்டால் உப்பு கரையும், காய்ந்தால் படிகமாகும். படிகம் வளர வளர ஓவியத்தை உள்ளிருந்து தள்ளும். வண்ணம் செதில் செதிலாக உதிரும். கல்லறையை மூடிவைத்தார்கள். 1986 முதல் 1992 வரை கெட்டி பராமரிப்பு நிறுவனமும் எகிப்தியத் தொல்லியல் துறையும் சேர்ந்து உதிரும் வண்ணத்தை ஒட்டவைத்தன. இல்லாத இடத்தில் புதிதாக எதையும் வரையவில்லை. 1995இல் நாளுக்கு 150 பேர், ஒருவருக்குச் சில நிமிடம் என்ற கட்டுப்பாட்டோடு திறந்தார்கள். அதன்பின் மூடுவதும் திறப்பதுமாக இருக்கிறது. ஒரு ஆளின் வியர்வையும் மூச்சும் அந்தச் சுவருக்கு மழை மாதிரி.

இதற்கு மாற்றாக நகல் வந்தது. துட்டன்காமுனின் கல்லறையை ஒரு ஸ்பானிய நிறுவனம் ஒளிக்கதிரால் அளந்து, சுவரின் பழுப்புப் புள்ளிகள் உட்பட அப்படியே வடித்து, 2014இல், கல்லறையைக் கண்டுபிடித்த ஹோவர்ட் கார்ட்டர் வசித்த வீட்டின் பக்கத்தில் நிறுவியது. நகலுக்குப் போவதா என்று பலர் முகம் சுளிக்கிறார்கள். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன், இப்போது நினைக்கவில்லை. உண்மையான கல்லறையில் வரிசையில் நகர்ந்துகொண்டே பார்க்க வேண்டும். நகலில் நெடுநேரம் நின்று, மூக்கு சுவரில் படுமளவு நெருங்கி, தூரிகையின் போக்கைப் பார்க்கலாம். கார்ட்டர் உள்ளே நுழைய உடைத்த ஓவியப் பகுதியையும் பழைய புகைப்படங்களைக் கொண்டு அங்கே மீட்டுக் காட்டியிருக்கிறார்கள். அசல் இழந்ததை நகல் வைத்திருக்கிறது. எந்தக் கல்லறை மென்மையானதோ அதற்கு நகல் செய்து, அசலை ஓய்வெடுக்க விடலாம். பள்ளத்தாக்கில் கல்லறைகளை மாறி மாறித் திறந்து மூடுவதும், பொதுச் சீட்டில் மூன்று கல்லறைகள் என்று வைத்திருப்பதும் இந்த நோக்கத்தில்தான். மூன்று போதும். ஐந்தாவதைப் பார்ப்பவருக்கு முதலாவது மறந்திருக்கும்.

திறந்தவெளிக் கோயில்களை அரிப்பது கீழிருந்து வரும் நீர். உயர் அணைக்குப் பிறகு ஆண்டு வெள்ளம் நின்றது. முன்பு வெள்ளம் வடியும்போது உப்பையும் அடித்துக்கொண்டு போகும். இப்போது ஆண்டு முழுதும் பாசனம். நிலத்தடி நீர் உயர்ந்தபடி இருக்க, மணற்கல் அதைத் திரிபோல உறிஞ்சுகிறது. கர்னக் தூண்களின் அடிப்பகுதி மாவாக உதிர்வதற்குக் காரணம் அதுவே. 1989இல் லக்சர் கோயிலின் தூண் முற்றத்தில் மண்ணைச் சோதிக்கத் தோண்டியபோதுதான் பழங்காலத்தார் புதைத்துவைத்த 26 சிலைகள் வெளிவந்தன. 2006இல் கர்னக்கையும் லக்சரையும் சுற்றி வடிகால் அமைத்து நீர்மட்டத்தைக் குறைத்தார்கள். கர்னக்கின் பெரிய மண்டபத்தில் 134 தூண்களின் உச்சியையே அண்ணாந்து பார்த்து நிற்கிறோம்; ஒருமுறை குனிந்து அடியையும் பார்ப்பது நல்லது.

காவலர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். கோயில் மூலையிலிருந்து சைகை காட்டி, மூடிய அறையைத் திறந்துவிட்டுப் பக்ஷீஸ் கேட்கும் கஃபீரைப் பற்றிக் குறைசொல்லாத பயணி இல்லை. அந்தக் குறையில் நியாயம் உண்டு. ஆனால் இந்த இடங்களைச் சுற்றி வாழும் ஊர்களின் நிலையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். லக்சரின் மேற்குக் கரையில் குர்னா ஊர்மக்கள் தலைமுறை தலைமுறையாகக் கல்லறைகளின் மேல் வீடுகட்டி வாழ்ந்தவர்கள். சிலர் அவற்றைக் கொள்ளையடித்தார்கள், பலர் அகழாய்வுகளில் மண் சுமந்தார்கள். 1940களில் ஹசன் ஃபத்தி அவர்களுக்காக மண்செங்கலில் அழகான புதிய ஊர் கட்டினார், மக்கள் போகவில்லை. 2006 முடிவிலிருந்து அவர்களின் வண்ணம் பூசிய வீடுகள் இடிக்கப்பட்டன. மலைச்சரிவு இன்று படத்துக்கு ஏற்றபடி வெறுமையாக இருக்கிறது. 1997 நவம்பர் 17 அன்று ஹட்ஷெப்சுட் கோயிலில் துப்பாக்கிக்காரர்கள் 62 பேரைக் கொன்றார்கள். இறந்த நான்கு எகிப்தியரில் காவலரும் உண்டு. பயணிகள் வராமல் போனபோது முதலில் பட்டினி கிடந்தவர்கள் குதிரைவண்டி ஓட்டுபவர்களும் ஃபெலுக்காப் படகுக்காரர்களும்தான். 2011 மக்கள் கிளர்ச்சிக்குப் பிறகும் அதுவே நடந்தது. கோயிலுக்கும் ஊருக்கும் சேர்ந்தே உயிர் இருக்க வேண்டும் என்பதை மறந்து எழுதும் பராமரிப்புத் திட்டம் எதையும் என்னால் முழு மனதோடு ஏற்க முடியவில்லை.

2025 நவம்பர் 1 அன்று பிரமிடுகளின் பக்கத்தில் பெரிய எகிப்திய அருங்காட்சியகம் முறைப்படி திறக்கப்பட்டது. துட்டன்காமுனின் 5,000க்கும் மேற்பட்ட பொருட்கள் முதல்முறையாக ஒரே இடத்தில் இருக்கின்றன. கூட்டம் இன்னும் பெருகும். அங்கே எகிப்தியப் பள்ளிப் பிள்ளைகளும் குடும்பங்களும் வரிசையில் நிற்பது எனக்கு மிகுந்த நிறைவைத் தருகிறது. நெடுங்காலம் அவர்களுடைய நாட்டின் பழஞ்சின்னங்களை வேற்றுநாட்டார்தான் அவர்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தார்கள்.

போகிறவர்களுக்கு என்ன சொல்லலாம்? கோயில் திறக்கும் நேரத்துக்கே போய்விடுங்கள்; கூட்டம் குறைவு என்பதோடு, புடைப்புச் சிற்பங்கள் சாய்ந்த ஒளியில்தான் எழுந்து நிற்கும். உச்சி வெயிலில் சுவர் தட்டையாகிவிடும். ஒரு நாளுக்கு ஒரு கோயில். எட்ஃபுவில் ஓடி முடித்து அதே பகலில் கோம் ஓம்போவில் இறங்கும் கப்பல் திட்டங்களால் இரண்டுமே நினைவில் நிற்காது. சுவரைத் தொட வேண்டாம். ஒரு சிறு குறிப்பேடு கொண்டுபோய், ஏதாவது ஒரு காட்சியை, எவ்வளவு கோணலாக வந்தாலும், வரைந்து பாருங்கள். 1924இல் லக்சரில் நிறுவப்பட்ட சிகாகோ இல்லத்தில் ஓவியர்களும் எழுத்தறிஞர்களும் நூறாண்டாகச் செய்துவரும் வேலை இதுதான். சுவரைப் படமெடுத்து, படத்தின் மேல் பென்சிலால் வரைந்து, மை தீட்டி, மறுபடி சுவரின் முன் போய் ஒவ்வொரு கோட்டையும் இருவர் தனித்தனியே சரிபார்க்கிறார்கள். மெதினெத் ஹபு கோயிலின் சில பகுதிகள் தேய்ந்துபோன பின்னும் அந்த வரைபடங்களில் முழுமையாக இருக்கின்றன.

எஸ்னாவுக்கும் போங்கள். அதிகம் பேர் இறங்காத ஊர். க்னூம் கோயிலின் முன்மண்டபம் மட்டும், தெருவுக்கு ஒன்பது மீட்டர் கீழே, ஒரு குழிக்குள் நிற்கிறது. உள்ளே 24 தூண்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அதைப் பஞ்சுக் கிடங்காக வைத்திருந்தார்கள். பல நூற்றாண்டு அடுப்புப் புகையும் பறவை எச்சமும் தூசியும் சுவரையும் கூரையையும் கரிபோல் மூடியிருந்தன. வந்தவர்கள் அதைப் பாழடைந்த இருட்டுக் கூடம் என்று எழுதிவிட்டுப் போனார்கள். 2018 முதல் எகிப்தியத் தொல்லியல் துறையின் பராமரிப்பாளர்களும் டியூபிங்கன் பல்கலைக்கழக அறிஞர்களும் அந்தக் கரியை அங்குலம் அங்குலமாக அகற்றிவருகிறார்கள். அடியில் வண்ணம் அப்படியே இருந்தது: மஞ்சள், சிவப்பு, நீலம். கரி அதை வெளிச்சத்திலிருந்தும் ஈரத்திலிருந்தும் மனிதக் கையிலிருந்தும் மூடிக் காத்திருக்கிறது. செதுக்காமல் மையால் மட்டும் எழுதப்பட்டதால் எந்தப் பழைய பதிவிலும் இடம்பெறாத எழுத்துகள் கூரையில் வெளிவந்தன. அவை விண்மீன் கூட்டங்களின் பெயர்கள். அவற்றுள் ஒன்று ‘ராவின் வாத்துகள்’. வானத்தில் எந்த விண்மீன்களை அப்படி அழைத்தார்கள் என்று இன்னும் கண்டறியப்படவில்லை.